மன்னிப்புக் கேட்கிற வேலை

வணக்கம் சார்,

நான் வணிக மேலாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்களைப் பள்ளி நாட்களிலிருந்தே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

இந்த விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு நிறுவனத்தில் இன்டெர்ன்ஷிப் செய்தேன். ஆன்லைனில் ஷூ விற்கிற நிறுவனம். அவர்களுடைய இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களில் வரும் கமெண்டுகளுக்கும் மெசேஜ்களுக்கும் பதில் போடுவது என் வேலை. முதல் நாளே ஒரு எக்செல் ஷீட் கொடுத்தார்கள். பாராட்டு வந்தால் இந்தப் பதில், விலை கேட்டால் இந்தப் பதில், புகார் என்றால் இந்தப் பதில் என்று எல்லாம் அதில் இருந்தது. புகாருக்கான பதில் எனக்கு இப்போது தூக்கத்தில்கூட வரும்: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் ஆர்டர் எண்ணை டிஎம்மில் அனுப்புங்கள்." (டிஎம் என்றால் மற்றவர்கள் பார்க்க முடியாத தனிச் செய்தி.) ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை இதை ஒட்டியிருப்பேன். ஆர்டர் எண் வந்ததும் இன்னொரு ஷீட்டில் ஏற்றுவேன். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது.

ஒரு அம்மா, மகனுக்கு வாங்கிய ஷூ அளவு மாறி வந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று எழுதினார். ஆர்டர் எண்ணும் அனுப்பினார். ஒன்பது நாள், நாங்கள் போடும் ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் கமெண்ட் போட்டார். முதலில் மரியாதையாக, அப்புறம் கோபமாக, அப்புறம் ஒற்றைக் கேள்விக்குறி மட்டும். பத்தாவது நாள் எதுவும் வரவில்லை. "அது க்ளோஸ் ஆயிடுச்சு, ஷீட்ல பச்சை கலர் போட்டுடு" என்றார் மேலாளர். போட்டேன்.

இப்போது அறிக்கை எழுத வேண்டும். தலைப்பு 'சமூக ஊடகமும் வாடிக்கையாளர் உறவும்'. நான் இருந்த இரண்டு மாதத்தில் பின்தொடர்பவர்கள் கூடினார்கள், எங்கேஜ்மென்ட் (லைக், கமெண்ட் எண்ணிக்கை) கூடியது, பதில் போட ஆகும் நேரம் குறைந்தது. எண்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. "சமூக ஊடகங்களின் வருகைக்குப் பிறகே வாடிக்கையாளர்கள் நிறுவனங்களோடு நேரடியாகப் பேச முடிந்தது" என்று முதல் வரியும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. நான் உண்மையிலேயே யாரோடாவது பேசினேனா? இல்லை, பேச்சு நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்ததா? அந்த அம்மாவுக்கு என் சொந்தக் கணக்கிலிருந்து இப்போது ஒரு வரி எழுதலாமா?

பெயர் வேண்டாம் சார்.

இப்படிக்கு,
ஒரு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். அது சரியில்லை.

பிரிட்டிஷ் மியூசியத்தில் கையடக்கமான ஒரு களிமண் பலகை இருக்கிறது. கி.மு. 1750 வாக்கில் எழுதப்பட்டது. இன்றைய இராக்கில் இருந்த ஒரு பழைய நகரத்தில் (நகரத்தின் பெயரே 'ஊர்'தான்) எயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு நன்னி என்பவர் அனுப்பிய புகார் அது. அதை வைத்து இணையத்தில் நிறையக் கிண்டல்கள் உலவுகின்றன, நீங்களும் பார்த்திருக்கலாம். கிண்டல் செய்கிறவர்கள் மட்டமான செம்போடு நின்றுவிடுகிறார்கள். நன்னி கொதிப்பதைப் படித்தால் செம்பை விடப் பெரிய காயம் ஒன்று தெரியும். அவர் அனுப்பிய ஆளிடம் "வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லையென்றால் போ" என்று சொல்லியிருக்கிறார் வியாபாரி. எதிரிகளின் நிலத்தைக் கடந்து போன ஆட்கள் திரும்பத் திரும்ப வெறுங்கையோடு வந்திருக்கிறார்கள். என்னை யாரென்று நினைத்து இப்படி அவமதிக்கிறாய் என்று கேட்கிறார் நன்னி. உங்கள் ஷூ அம்மா ஒற்றைக் கேள்விக்குறியாகப் போட்டதும் இதே கேள்வியைத்தான்.

ஆக, வாடிக்கையாளர் பேசுவது பழைய விஷயம். நன்னியின் பலகை எயா-நாசிருக்கு மட்டும் போனது. அந்த அம்மாவின் கமெண்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சமூக ஊடகம் செய்த மாற்றம் இவ்வளவுதான். வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் நின்று கேட்க நாலு பேர் கிடைத்தார்கள். அதனால் நிறுவனத்துக்குப் புதிதாகக் காது முளைத்துவிடவில்லை, பயம் முளைத்தது. "டிஎம்மில் அனுப்புங்கள்" பிறந்தது அந்தப் பயத்தில். வாசலில் நின்று சத்தம் போடுகிறவரை "உள்ளே வாங்க, பேசிக்கலாம்" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிப் போகிற உத்தி. அதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆர்டர் எண்ணையும் முகவரியையும் ஊரறியப் போடச் சொல்ல முடியாதுதான். ஆனால் கூப்பிட்டால் உள்ளே ஆள் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உள்ளே இன்னொரு ஷீட்தான் இருந்திருக்கிறது.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஒரு எரிமலை வெடித்தது. அதன் பெயர் எனக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை. சாம்பல் மேகத்தால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஏறக்குறைய ஆறு நாள் விமானங்கள் பறக்கவில்லை. அவரவர் இருந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். விமான நிறுவனங்களின் தொலைபேசிகள் திணறின. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தை மக்கள் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போய்ப் பிடித்தார்கள். நிறுவனம் வெவ்வேறு பிரிவுகளில் இருந்த ஊழியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதில் சொல்ல வைத்தது. மேகம் கலைந்த பிறகும் அந்த நாற்காலிகளை எடுத்துவிடவில்லை. அதையே நிரந்தரப் பிரிவாக்கி, இரவு பகல் பாராமல் இயங்கவிட்டு, பயணத்தை வேறு விமானத்துக்கு மாற்றித் தருவது வரை அங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் சீக்கிரம் பதில் போடுவதன் மகிமைக்கு உதாரணமாகத்தான் சொல்வார்கள். வேகமாகப் பதில் போட உங்கள் எக்செல் ஷீட்டே போதும். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, பதில் சொல்கிற இடத்திலேயே டிக்கெட்டையும் மாற்ற முடிந்தது என்பது.

உங்களால் ஒரு ஷூவை மாற்றித் தர முடிந்ததா? அந்த நிறுவனத்தில் வாடிக்கையாளர்கள் சொல்வதைத் தினமும் படித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். எந்த ஷூவில் அளவு பிசகுகிறது, எது ஒரு மாதத்தில் பிய்கிறது, எந்த வாரம் டெலிவரி சொதப்பியது என்று மேலாளரை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட நாற்காலியில் இரண்டு மாதத்தில் போய்விடப்போகிற ஒரு மாணவியை உட்காரவைத்து, எதையும் மாற்றும் அதிகாரம் தராமல், வருத்தம் தெரிவிக்கும் அதிகாரத்தை மட்டும் தந்திருக்கிறார்கள். நீங்கள் பேசினீர்களா என்று கேட்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம், நீங்கள் செய்யாத தப்புக்கு, இன்னொருவர் எழுதிக் கொடுத்த வார்த்தைகளில் மன்னிப்புக் கேட்டீர்கள். அதைப் பேச்சு என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், அந்தக் குற்றவுணர்வு முழுவதையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. பெரும்பங்கு அந்த ஷீட்டை எழுதியவருக்குப் போக வேண்டியது.

பத்தாவது நாளுக்கு வருகிறேன். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் சொன்னது, மேலாண்மை படிக்கிற உங்களுக்கு எப்படியும் பாடத்தில் வரும். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதன் வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. விட்டு விலகலாம், அல்லது குரல் கொடுக்கலாம். நைஜீரிய ரயில்வேயைப் பார்த்து அவருக்கு ஏற்பட்ட குழப்பத்திலிருந்து வந்த யோசனை இது. லாரிகள் போட்டிக்கு வந்தும் ரயில்வே திருந்தவில்லை. ஏன்? சத்தம் போட்டுத் திருத்தியிருக்கக்கூடியவர்களே முதல் ஆளாக லாரிக்கு மாறிப் போய்விட்டார்கள். ரயில்வே அரசாங்கத்தினுடையது, வருமானம் போனது அதைச் சுடவும் இல்லை. சண்டை போட ஆள் இல்லாமல், நிம்மதியாக மோசமாகிக்கொண்டே போனது.

அந்த அம்மா ஒன்பது நாள் எழுதினார் என்றால் ஒன்பது நாள் உங்கள் நிறுவனத்தின் மேல் அவருக்கு ஏதோ நம்பிக்கை பாக்கி இருந்தது. கோபமாக எழுதிய அன்றும் அவர் வாடிக்கையாளர்தான். கேள்விக்குறி போட்ட அன்றும்கூட. பத்தாவது நாள் விலகிப் போனார், நீங்கள் அதற்குப் பச்சை நிறம் போட்டீர்கள். அந்த ஷீட்டில் இருக்கும் பச்சைக் கட்டங்களில் எத்தனை இப்படிப்பட்டவை என்று எண்ண முடிந்தால் எண்ணிப் பாருங்கள்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. போன வருடம் வாங்கிய பிரிண்டர் ஒன்று இரண்டாம் வாரமே காகிதத்தைத் தின்ன ஆரம்பித்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாலு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரிடம் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். ஐந்தாவது தடவை போனை எடுக்காமல் ஃபேஸ்புக்கில் எழுதினேன். நாற்பது நிமிடத்தில் யாரோ ஒரு மேலதிகாரி அழைத்தார், குரலில் அப்படி ஒரு பணிவு. மறுநாள் புது பிரிண்டர் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் உறுத்தியது. என்னைப் படிக்கிற சில ஆயிரம் பேரைக் கூட்டிப் போய் அந்த நிறுவனத்தின் வாசலில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். அதே பிரிண்டரை வாங்கி, அதே நாலு முறை போன் செய்து, ஃபேஸ்புக்கில் அறுபது நண்பர்கள் மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த அழைப்பு வந்திருக்குமா? உங்கள் ஷீட்டில், புகார் சொன்னவரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று குறிக்க ஒரு கட்டம் இருந்ததா? யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் அறிக்கையில் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

உங்கள் நல்ல எண்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பக்கம் போடும் பதிவு சராசரியாக அதைப் பின்தொடர்பவர்களில் 16 சதவீதத்தினரைத்தான் சென்றடைகிறது என்று ஃபேஸ்புக்கே 2012-இல் சொல்லிவிட்டது. மிச்சப் பேரிடம் போய்ச் சேர விளம்பரக் காசு கட்ட வேண்டும். எனவே பின்தொடர்பவர்கள் கூடியதை 'உறவு' என்ற தலைப்பின் கீழ் போடாதீர்கள். எங்கேஜ்மென்ட் கூடியது என்கிறீர்களே, அந்த அம்மாவின் ஒன்பது நாள் கமெண்டுகளும் அதில் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. இந்தக் கணக்குகள் பேசும் தொனி. காலையில் "ஹாய் மக்களே, இன்னிக்கு மூடு எப்படி?" என்று சிநேகிதி மாதிரி விசாரிக்கும் கணக்கு, சாயங்காலம் ஷூ அளவு சரியில்லை என்றதும் "வருந்துகிறோம்" என்று அரசாங்கக் கடிதம் மாதிரி விறைத்துக்கொள்ளும். 1956-இல் டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்று இருவர், தொலைக்காட்சி பார்க்கிறவர்களுக்கு அதில் வருபவர்களோடு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். பார்க்கிறவருக்கு அவர் நண்பர். அவருக்கு இவர் இருப்பதே தெரியாது. அப்போதாவது தொலைக்காட்சியிடம் யாரும் திரும்பக் கேள்வி கேட்க முடியாது. இங்கே கேட்க முடியும், கேட்டதும் நட்பின் ஆழம் தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவர் அலட்சியம் செய்வதை விடச் சிநேகிதி அலட்சியம் செய்வது அதிகம் வலிக்கும். ஆகவே விளம்பரத்துக்கு அந்தத் தொனியை எடுக்கிறவர்கள் புகாருக்கும் அதே தொனியில் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். முடியாதென்றால் தொடக்கத்திலேயே கடைக்காரர் மாதிரிப் பேசிவிட்டுப் போகலாம், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு ஒரு சாட்பாட், அதாவது தானாகவே பதில் சொல்லும் மென்பொருள், வரக்கூடும். பல இடங்களில் வந்தாயிற்று. ஏர் கனடாவின் சாட்பாட், பாட்டியை இழந்த ஒரு பயணியிடம், துக்கப் பயணத்துக்கான சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. வழக்கு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற ரீதியில் வாதாடியது நிறுவனம். தன் வாய் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லையாம்! தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும், அதை சாட்பாட் சொன்னாலும் சரி, நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அந்தப் பயணிக்குப் பணம் கொடுக்கச் சொன்னார்கள். உங்களை வைத்து அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். வாய் மட்டும் மனித வாய்.

சரி, அறிக்கை. உங்கள் எண்கள் எல்லாம் இருக்கட்டும், ஒரு வரிசையை மட்டும் கூடச் சேருங்கள்: புகார் சொன்னவர்களில் எத்தனை பேருக்குப் பொருள் மாறியது, எத்தனை பேருக்குப் பணம் திரும்பியது. தெரியாது என்றால் தெரியாது என்றே போடுங்கள். இரண்டு மாதம் தினமும் பதில் சொன்னவருக்கே அது தெரியாது என்பதை உங்கள் பேராசிரியர் கவனித்தால் நல்லது. மதிப்பெண் குறைந்தால் என்மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த அம்மாவுக்குச் சொந்தக் கணக்கிலிருந்து எழுத வேண்டாம். அவர் கணக்கு உங்களுக்குத் தெரிய வந்தது நிறுவனத்தின் ஆளாக இருந்ததால்தான், அதை வெளியே எடுத்துவர உங்களுக்கு உரிமை இல்லை. தவிர, இவ்வளவு அலைக்கழிந்தவருக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஷூவைப் பற்றிச் செய்தி வந்தால் ஏதோ மோசடி என்றுதான் நினைப்பார். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அந்த அம்மா எழுதிய தேதிகளை ஞாபகம் இருக்கும்வரை போட்டு, இது முடியவில்லை, பச்சையை எடுத்துவிட்டு அவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று கேளுங்கள். பையனுடைய கால் அதற்குள் வளர்ந்திருக்கலாம், பழைய ஆர்டரைப் பார்த்து அனுப்பிவிடாமல் இப்போதைய அளவைக் கேட்கச் சொல்லுங்கள்.