சீமைக்கருவேல விறகு அறுக்க எந்தச் செயின்சா வாங்கலாம்?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பகுதியிலிருந்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மூன்று ஏக்கர் பட்டா நிலம் சில ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்ததில் சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டது. வயதான புளியமரம் ஒன்றும் காற்றில் சாய்ந்து கிடக்கிறது. வீட்டுக்குப் போக மிஞ்சும் விறகைக் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் ஆம்பூர் பக்கத்துப் பிரியாணிக் கடைகளுக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கடையில் 22 அங்குல பார் போட்ட 58 சி.சி. ரம்பத்தைக் குறைந்த விலைக்குக் காட்டுகிறார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் 45 சி.சி. ரம்பத்துக்கு அதைவிட மிக அதிகமாகக் கேட்கிறார்கள். எதை வாங்குவது? பழைய ரம்பம் கிடைத்தால் வாங்கலாமா?”

உங்கள் வேலைக்கு 45 முதல் 50 சி.சி. வரையுள்ள பெட்ரோல் எஞ்சினும் 16 அல்லது 18 அங்குல பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) தாராளமாகப் போதும். 22 அங்குல பார் உங்களுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சீமைக்கருவேலம் பெரும்பாலும் ஒரே அடிமரமாக வளர்வதில்லை. ஒரு தூரிலிருந்து நான்கைந்து கிளைத்தண்டுகள் கோணல்மாணலாகக் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். தரிசில் சில ஆண்டுகள் வளர்ந்த தண்டு பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் பருமன் இருக்காது. இந்த நெருக்கத்துக்குள் நீளமான பாரை நுழைத்தால், அறுக்கும் தண்டைத் தாண்டி அதன் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு, அடுத்த தண்டிலோ மண்ணிலோ இடிக்கும். மண்ணில் பட்டால் சங்கிலி அந்த நொடியே மழுங்கிவிடும். மூக்கின் மேல் பாதி இன்னொரு கட்டையில் பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ரம்பம் ஆளின் முகத்தை நோக்கித் துள்ளி எழும். செயின்சாவால் நேரும் கொடிய காயங்கள் பலவற்றுக்கு இந்தத் துள்ளலே காரணம். பார் நீளமாக இருந்தால் சங்கிலியின் எடையும் உராய்வும் கூடி எஞ்சின் பலத்தைத் தின்றுவிடும் என்பது மட்டுமல்ல, அரம் போட வேண்டிய பற்களும் கூடும்: 18 அங்குல பாரில் ஏறத்தாழ 35 பற்கள் என்றால் 22 அங்குல பாரில் 43 பற்கள்.

சாய்ந்த புளியமரத்துக்காகப் பெரிய ரம்பம் வாங்க நினைக்கிறீர்கள் போலும். இரண்டடிப் பருமன் உள்ள அடிமரத்தையும் 18 அங்குல பாரைக் கொண்டு இரு பக்கங்களிலிருந்து அறுத்து முடிக்கலாம்; அறுத்த வாய் மூடிக்கொண்டு சங்கிலியைப் பிடித்துவிடாமல் இருக்க, பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு கையில் இருந்தால் போதும். புளிய வைரம் மிகக் கடினமானது என்பதால் எஞ்சினை அழுத்தாமல், சங்கிலி தானாக இறங்கும் வேகத்துக்கு விட்டுவிட வேண்டும். பழைய மரத்தில் எந்தக் காலத்திலோ அடித்த ஆணியோ கம்பியோ புதைந்திருக்கலாம். பட்டையில் கருநீலக் கறை தெரிந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மரம் இரண்டடியைவிடப் பருமனாக இருந்தால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் பெரிய ரம்பம் வைத்திருக்கும் ஆளைக் கூலிக்கு அழைப்பதே லாபம்.

எஞ்சினைப் பொறுத்தவரை, சி.சி. எண்ணை மட்டும் நம்பாமல் அதன் பலம் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 250 ரம்பம் 45.4 சி.சி.யில் 2.3 கிலோவாட் தருகிறது. பாரும் சங்கிலியும் சேர்க்காமல் எடை 4.6 கிலோ. அதே நிறுவனத்தின் எம்.எஸ். 271, 50.2 சி.சி.யில் 2.6 கிலோவாட் தருகிறது என்றாலும் எடை ஒரு கிலோ கூடுதல். சித்திரை வெயிலில் முள்ளுக்குள் குனிந்து நின்று அறுப்பவருக்கு அந்த ஒரு கிலோ மாலைக்குள் நன்றாகவே தெரியும். ஹஸ்க்வர்னா 445 போன்றவையும் இதே தரத்தில் உள்ளவைதாம். நிறுவனத்தின் பெயரைவிட, வேலூரிலோ ஆம்பூரிலோ அதற்குச் சங்கிலி, ஸ்ப்ராக்கெட், கார்புரேட்டர் டயாஃப்ரம் ஆகிய உதிரிபாகங்கள் கேட்ட அன்றே கிடைக்குமா என்பதுதான் முக்கியம். மலிவான 58 சி.சி. ரம்பங்களில் ஒழுங்காக ஓடுபவையும் உண்டு. அதையே வாங்க நேர்ந்தால், அதற்குப் பொருந்தும் 18 அங்குல பாரும் சங்கிலியும் மாற்றித் தரச் சொல்லுங்கள். சங்கிலியின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் பகுதியின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தப் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் கடைக்குப் போனால் பொருந்தாத சங்கிலியோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

மின்சார ரம்பம் வீட்டு முற்றத்துக்கு நல்லது. நீளமான மெல்லிய ஒயரை இழுத்துக்கொண்டு நிலத்துக்குக் கொண்டுபோனால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் கருகிவிடும்.

எந்த ரம்பம் வாங்கினாலும் அதன் வேலைத்திறன் சங்கிலியின் கூர்மையில்தான் இருக்கிறது. கூரான பல் மரத்தைச் செதிள் செதிளாகச் சீவித் தள்ளும். மழுங்கிய பல் மாவாக அரைக்கும். தூள் மாவுபோல் விழுந்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ நிறுத்திவிட்டுப் பல்லின் விளிம்பை வெயிலுக்கு நேரே திருப்பிப் பாருங்கள்: மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அந்தப் பல் மழுங்கியிருக்கிறது, கூரான விளிம்பில் எந்த ஒளியும் தெரியாது. 0.325 அங்குல பிட்ச் உள்ள சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம் வேண்டும். பல்லின் மேல்தகட்டில் பொதுவாகப் போடப்படும் 30 டிகிரிக் கோணத்தில், பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும், எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரத்தைத் தள்ளுங்கள். ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டால் ரம்பம் நேராக இறங்காமல் வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறிய மேடு, பல்லின் நுனியைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சங்கிலி கூராக இருந்தும் மரம் அறுபடவில்லை என்றால், பெரும்பாலும் இந்த மேட்டைத் தேய்க்காமல் விட்டிருப்பார்கள். சங்கிலி வாங்கும்போது ‘செமி சிசல்’ என்று கேட்டு வாங்குங்கள். புழுதி படிந்த பட்டைக்கும் கடினமான மரத்துக்கும் அதன் உருண்ட முனைதான் தாக்குப்பிடிக்கும். சீமைக்கருவேலத்தைப் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிடுவது நல்லது. காய்ந்தபின் அறுத்தால் சங்கிலி சீக்கிரம் மழுங்கும். விறகு உலர்வதும், பிளந்து அடுக்கி வைத்தால்தான் விரைவாக நடக்கும்.

நிலத்தைத் திருத்திப் பயிர் வைப்பதும் உங்கள் எண்ணமாக இருந்தால், செயின்சாவால் அது முடியாது. அறுத்த தூரிலிருந்து அடுத்த மழைக்கே கொத்துக் கொத்தாகத் துளிர்த்துவிடும், ஜே.சி.பி. வைத்து வேரோடு எடுக்கத்தான் வேண்டும்.

எரிபொருளில் காட்டும் அலட்சியம்தான் நல்ல ரம்பங்களையும் பாழாக்குகிறது. இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். நிறுவனம் 50-க்கு 1 என்று சொன்னால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயிலும், 25-க்கு 1 என்றால் 200 மில்லியும் அளந்து கலக்க வேண்டும். பைக்குக்கு ஊற்றும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில் ஆகாது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், ரப்பர் குழாயையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். ஆகவே ஓரிரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். சங்கிலிக்கு வண்டியின் கழிவு ஆயிலை ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிலுள்ள உலோகத் துகள்கள் ஆயில் பம்பை அடைத்துவிடும்.

லுங்கியோடும் தோளில் துண்டோடும் ரம்பத்தைத் தொடவே தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தொங்கும் துணியைச் சங்கிலி இழுத்துக்கொண்டால் கையால் விடுவிக்க நேரமிருக்காது. கால் காப்புடை, கெட்டியான பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு இவற்றுக்கான பணத்தை ரம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். செயின்சாவின் ஓசை 100 டெசிபலுக்கு மேல் போகும். சீமைக்கருவேல முள் கண்ணில் பாய்ந்தால் பார்வைக்கே ஆபத்து. புதர் ஓரத்தில் சந்தன மரம் நின்றால், அது உங்கள் பட்டா நிலமே ஆனாலும், வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பழைய ரம்பத்தை வாங்கலாம், பார்த்து வாங்கினால். எஞ்சின் ஆறியிருக்கும்போது கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் கையைத் தடுத்து நிறுத்த வேண்டும், வழவழவென்று வந்துவிட்டால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது. சைலன்சரைக் கழற்றச் சொல்லி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கீறல்கள் இருந்தால் எஞ்சின் போதிய ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள், எந்த விலைக்கும் வேண்டாம். பிறகு ஸ்டார்ட் செய்து, பாரின் மூக்கை ஒரு வெள்ளை அட்டைக்கு அருகே பிடித்து முடுக்குங்கள். அட்டையில் ஆயில் மெல்லிய கோடாகத் தெறிக்க வேண்டும். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள செயின் பிரேக்கைத் தள்ளியதும் சங்கிலி உடனே நிற்க வேண்டும். விற்பவர் இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்து காட்டத் தயங்கினால், வேறு ரம்பம் பாருங்கள்.