சந்தேகம் எத்தனை சதவீதம்?

சென்ற இதழில் 'ஜாக் ரையன்' வெப் சீரிஸ் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் காலமெல்லாம் தாளும் கணக்குமாக உட்கார்ந்து எழுந்தவள் நான். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் மேஜை வேலை பார்க்கிற ரையன் என்ற ஒருவனை ஹீரோ ஆக்கியிருக்கிறார்கள் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

சி.ஐ.ஏ. அனலிஸ்ட்டுகள் நிஜமாகவே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போவார்களா?
*- கல்லூரி மாணவி ஒருவர்*

வெளிநாட்டுக்குப் போவது உண்டு. சுடுவதற்காக இல்லை. ஆள் பிடித்துத் தகவல் வாங்குகிறவர்கள் ஒரு பிரிவு, வந்த தகவலைப் படித்து எழுதுகிறவர்கள் இன்னொரு பிரிவு. ரையன் இரண்டாவது ரகம். முதல் எபிசோடில் சைக்கிள் மிதித்து ஆபீஸ் வருகிறார், புது மேலதிகாரி கிரீரிடம் முறைத்துக்கொள்கிறார், கணினித் திரையில் பணப் பரிமாற்றங்களைக் கோத்துப் பார்க்கிறார். எனக்கு அது போதும். ஆனால் அதே எபிசோட் முடிவதற்குள் ஏமனில் குண்டு வெடித்துவிடுகிறது! முன்னாள் மரைன் வீரர் என்று ஒரு பின்கதை வைத்திருப்பதே இதற்காகத்தான். நாலாவது சீசனில் துணை இயக்குநர் பொறுப்பே கைக்கு வருகிறது. அப்போதும் மனிதர் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வங்கிப் பரிமாற்றத்தை வைத்துத் தீவிரவாதியைப் பிடிப்பதெல்லாம் நடக்கிற காரியமா? நீங்கள் வங்கியில் இருந்தவர், சொல்லுங்கள்.
*- வணிகவியல் ஆசிரியர் ஒருவர்*

நடக்கிற காரியம்தான். ஆனால் திரையில் வருகிற மாதிரி ஒரே ராத்திரியில் இல்லை. வங்கிகளை இணைக்கும் 'ஸ்விஃப்ட்' என்ற வலையமைப்பு பணத்தை அனுப்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பணத்தை அனுப்புவதில்லை, செய்தியை அனுப்புகிறது. 'இன்னாருக்கு இவ்வளவு வரவு வை' என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்லும் செய்தி. 1973-ல் பெல்ஜியத்தில் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அமைப்பு அது. அந்தச் செய்தியை என் காலத்தில் நாங்கள் 'எம்.டி. 103' என்போம். 50-ம் கட்டத்தில் அனுப்புகிறவர், 59-ல் பெறுகிறவர், 70-ல் எதற்காக என்பது. பல நாள் 70-ம் கட்டம் காலியாகவே வரும். வந்தால் 'குடும்பச் செலவு' என்றிருக்கும். உலகத்தில் யார்தான் அந்த இடத்தில் உண்மையை முழுசாக எழுதுகிறார்கள்?

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிதித்துறை ஆணை அனுப்பி ஸ்விஃப்ட்டிடமிருந்து இந்தத் தகவல்களை வாங்கத் தொடங்கியது. 2006 ஜூனில் பத்திரிகைகள் அதை வெளியிட்டு, ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது. ஆக, ரையன் பார்க்கும் திரை முழுக் கற்பனை இல்லை.

கஷ்டம் எங்கே என்றால், பெயரில். முகமது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்! ஒரு தடவை மகனுடைய படிப்புக் கட்டணம் அனுப்ப வந்த பெரியவரின் பெயர், பணம் அனுப்பத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலில் இருந்த ஒரு பெயரோடு ஒத்துப்போய்விட்டது. கணினி செய்தியை நிறுத்திவிட்டது. பாஸ்போர்ட், பிறந்த தேதி எல்லாம் வாங்கி, இவர் அவரில்லை என்று எழுதி அனுப்பி, மேலிடம் விடுவிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் காலை பத்து மணிக்கு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். காரணத்தைச் சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை. சீரிஸில் ரையன் மேலதிகாரியைத் தாண்டிப் போய் ஒரு கணக்கை முடக்கவைக்கும்போது கைதட்டத் தோன்றும். எனக்கோ அந்தப் பெரியவரின் மஞ்சள் பைதான் ஞாபகம் வந்தது.

ஒரு அறிக்கைக்காக இவ்வளவு அடிதடி! அப்படி என்னதான் எழுதுவார்கள் அதில்?
*- இரண்டாவது சீசனோடு நிறுத்திவிட்ட வாசகி*

நல்ல கேள்வி. இதை வைத்தே தனியாக ஒரு சீரிஸ் எடுக்கலாம், யாரும் எடுக்க மாட்டார்கள். ஷெர்மன் கென்ட் என்று ஒருவர். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்தியவர், பிறகு சி.ஐ.ஏ.வுக்கு வந்தவர். 1951-ல், சோவியத் அணி யூகோஸ்லாவியா மீது படையெடுக்கும் 'சாத்தியத்தைக் கனமாகவே கருத வேண்டும்' என்று அவருடைய குழு ஓர் அறிக்கை எழுதியது. வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர், 'கனம் என்றால் எவ்வளவு?' என்று கேட்டார். 'நூற்றுக்கு 65' என்றார் கென்ட். அதிகாரி ஆடிப்போய்விட்டார், அவர் அதைவிட எவ்வளவோ குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பி வந்து, அதே வாக்கியத்துக்குச் சம்மதித்த தன் சகாக்களைக் கேட்டால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார்! எல்லாருமாகச் சேர்ந்துதான் அந்த வரியை ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

1964-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் அட்டவணையே போட்டார்: 'ஏறக்குறைய நிச்சயம்' என்றால் 93, 'பெரும்பாலும்' என்றால் 75, முன்னேபின்னே கொஞ்சம். எண் போடச் சம்மதிக்காத சகாக்களுக்கு 'கவிஞர்கள்' என்று பெயர் வைத்தார்.

2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத் வீட்டில் இருப்பது பின்லேடன்தானா என்ற கேள்வியிலும் இதே கதைதான். ஒருவர் 95 சதவீதம் என்றார். சி.ஐ.ஏ.வின் துணை இயக்குநராக இருந்த மைக்கேல் மோரல் 60 என்றார். இராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் இருந்ததாகவும் ஒபாமாவிடம் சொன்னார். அந்த ஆயுதம் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். அந்த அறையில் ஒரு காமிராவை வைத்திருந்தால், எட்டு எபிசோடும் நான் நகராமல் பார்த்திருப்பேன்.

மூன்றாவது சீசனைத் தொடங்கலாமா?
*- அதே வாசகி*

பெரும்பாலும். கென்ட் கணக்கில் 75.

ரையன், கிரீர் இருவரில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?
*- கணினித் துறை ஊழியர் ஒருவர்*

கிரீராக வரும் வெண்டல் பியர்ஸுக்காக எதையும் பார்ப்பேன். ஆனால் மனசில் நின்றவர் இந்த இருவரும் இல்லை. முதல் சீசனில் ஆளில்லா விமானத்தை இயக்கும் ஓர் இளைஞன் வருகிறான். இருப்பது லாஸ் வேகாஸ் பக்கம், அடிக்கும் இலக்கு சிரியாவில். தான் கொன்றது ஒரு பாவமும் அறியாத மனிதனை என்று தெரிந்த பிறகு, சீட்டாட்ட விடுதியில் ஜெயித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறான். பிறகு அந்தக் குடும்பத்தைத் தேடி அவ்வளவு தூரமும் கிளம்பிப் போகிறான். ரையனின் கதையோடு இதற்குப் பெரிய சம்பந்தம் இல்லை, வெட்டியிருக்கலாம் என்று என் மகன் சொல்கிறான். வெட்டாமல் விட்டார்களே என்று நான் சொல்கிறேன். வீட்டில் இன்னும் தீரவில்லை இந்தச் சண்டை.