தமிழ்நாடு நாள் ஏன் ஜூலை 18?

மாநிலம் உருவானது 1956 நவம்பர் 1-இல்தானே, பிறகு ஏன் ஜூலை 18 என்று கேட்டிருக்கிறீர்கள். நவம்பர் 1 எல்லை வகுக்கப்பட்ட நாள். கன்னியாகுமரி நம்மோடு இணைந்தது. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. பெயர் மட்டும் ‘சென்னை மாநிலம்’ என்றே நீடித்தது. பெயர் மாற்றம் கேட்டு விருதுநகரில் 70 நாட்களுக்கு மேல் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், அந்த நவம்பர் 1-க்குச் சில வாரங்கள் முன்புதான், அக்டோபர் 13-இல் உயிர்நீத்திருந்தார். அண்ணா முதல்வரான பின், 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் ‘தமிழ்நாடு’ தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாக அரசு அறிவித்தது 2021-இல். எனக்கு இரண்டு நாளுமே வேண்டும். பெயருக்கு ஜூலை 18. கன்னியாகுமரியைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய தெற்கெல்லைப் போராட்டத்தில் குண்டடிபட்டு மாண்டவர்களுக்கு நவம்பர் 1.