உறைக்கத்தியை நெடுங்காலம் வைத்துப் புழங்குவது: கேள்வி பதில்

காட்டுப் பயணத்துக்கும் தோட்ட வேலைக்கும் மடங்காத உறைக்கத்தி வைத்திருக்கும் அன்பர்கள் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பழுதுபார்க்க என்னிடம் வரும் கத்திகளில், கடுமையாக உழைத்து வீணானவற்றைவிட ஈரத்தோடு உறைக்குள் கிடந்து வீணானவையே அதிகம். ஆகவே என் பதில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

உலு லங்காட் பக்கம் அடிக்கடி முகாம் போடுகிறேன், ஐயா. கார்பன் எஃகுக் கத்தி வாங்கலாமா, ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா? (செராஸ்)

வீடு திரும்பிய அன்றே கத்தியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இரண்டில் எது வாங்கினாலும் குறையில்லை. ஈரப்பையை அப்படியே மூலையில் போட்டுவிட்டு மறுவாரம்தான் பிரிப்பேன் என்றால் ஸ்டெயின்லெஸ்ஸையே வாங்குங்கள். எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால்தான் அதை ஸ்டெயின்லெஸ் என்பார்கள். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாக மேற்பரப்பில் படிந்து துருவைத் தடுக்கிறது. 1095 என்ற எண்ணில் விற்கப்படும் கார்பன் எஃகில் ஏறத்தாழ 0.95 விழுக்காடு கார்பன் உண்டே தவிர, துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. நம் ஊர் ஈரக் காற்றில் அது ஓர் இரவிலேயே செம்புள்ளி காட்டிவிடும். ஆனாலும் சாதாரணச் சாணைக்கல்லில் எளிதில் கூரேறும் என்பதற்காக அதை விரும்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பத்தில் தவறில்லை. ஸ்வீடனின் மோரா நிறுவனம் கம்பேனியன் என்ற கத்தியை இரு வகை எஃகிலும் செய்வதால், முதலில் அதில் ஒன்றை வாங்கிப் பழகி உங்கள் இயல்பை அறிந்துகொள்ளலாம்.

கடலில் மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு சொல்: உப்பு நீரிலுள்ள குளோரைடு அந்தப் பாதுகாப்புப் படலத்தையும் ஆங்காங்கே துளைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் கத்தியையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் வைக்காதீர்கள்.

தோலுறையில் வைத்திருந்த கார்பன் எஃகுக் கத்தியில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் வந்துவிட்டன. கத்தி கெட்டுப்போனதா? (பாலிக் புலாவ்)

கறுப்பும் சிவப்பும் ஒன்றல்ல. பழச்சாறும் எலுமிச்சையும் பட்டு வரும் சாம்பல் அல்லது கறுப்பு நிறம் எஃகோடு ஒட்டிக்கொண்டு ஓரளவு காப்பாகவே இருக்கும். நம் பாட்டிமார் புளியும் மாங்காயும் நறுக்கிய பழைய அரிவாள்மணை கறுத்துப்போய்ப் பல்லாண்டு உழைத்ததை நினைத்துப் பாருங்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. செந்துருவோ உதிர்ந்து உதிர்ந்து, அடியிலிருக்கும் புது எஃகைக் காற்றுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே போகும். மெல்லிய எஃகுப் பஞ்சில் சில துளி எண்ணெய் விட்டு அதை மட்டும் தேய்த்தெடுங்கள். குழி விழுந்த இடத்தைச் சமன் செய்வதாக எண்ணி அலகு முழுவதையும் தேய்த்து மெலியவைக்க வேண்டாம். குழி கூர்விளிம்பை எட்டாத வரையில் வெட்டுக்கு அதனால் பாதகமில்லை.

இங்கே மூலக் குற்றவாளி தோலுறைதான். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும், வியர்வையும் மழையும் அதோடு கூடிக்கொள்ளும். பயணத்தில் கத்தி உறைக்குள் இருக்கட்டும், வீட்டில் வெளியே இருக்கட்டும். எண்ணெய் தடவிய கத்தியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். உறையை வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும் என்பதால் நிழலில், காற்று படும்படி தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சாது என்றாலும் அதனுள் சேரும் மணல் ஒவ்வொரு முறை கத்தியை உருவும்போதும் அலகைக் கீறும். அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா? (பிறை)

வாரம் தவறாமல் எடுத்துப் புழங்கும் கத்திக்குத் தடவலாம். மாதக்கணக்கில் வைப்பதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும், உணவில் படலாம் என்று குறிப்பிட்ட கனிம எண்ணெயே மேல், ஏனென்றால் அது சிக்கு வாடை அடிக்காது. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கிறார்களே, அப்படிச் செய்தால் கத்தி உடையாதா, அண்ணா? (காஜாங்)

உடையலாம். பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம், எவ்வளவு அகலமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. அலகின் அகலம் மாறாமல் பிடியின் கடைசி வரை ஓடும் கத்தி அடியைத் தாங்கும். பிடிக்குள் போனதும் குச்சியாக ஒடுங்கும் கத்தியில், ஒடுங்கத் தொடங்கும் மூலையிலேயே முறிவு தொடங்கும். அடிப்பதற்கு ஈரமான மரக்கட்டையையே எடுங்கள். சுத்தியலாலோ கல்லாலோ ஒருபோதும் அடிக்காதீர்கள். பிளக்கும் விறகு கத்தியின் நீளத்தைவிடப் பருமன் குறைந்ததாக, கணு இல்லாததாக, நார் நேராக ஓடுவதாக இருக்க வேண்டும். கத்தி சிக்கிக்கொண்டால் ஆட்டிப் பிடுங்காமல், மரத்தால் ஓர் ஆப்பு சீவி இறக்கி விடுவியுங்கள்.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு நம் நாட்டில் தலைமுறைகளாகப் பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி இருக்கிறது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பாராங்கின் எஃகு உறைக்கத்தியைவிடக் கடினம் குறைந்தது, ஆனால் அதிர்ச்சியைத் தாங்குவதில் மேலானது. மூங்கில் வெட்டவும் புதர் ஒதுக்கவும் பாராங், சீவவும் மீன் அறுக்கவும் உறைக்கத்தி என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே நெடுநாள் வாழும். மூங்கிலில் மணலிலுள்ளது போன்ற சிலிக்கா இருப்பதால் அது எந்தக் கத்தியின் கூரையும் சீக்கிரம் மழுக்கிவிடும்.

டுரியான் பிளக்கும்போது நுனி ஒடிந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா? (ஆயர் ஈத்தாம்)

முடியும். கூர்விளிம்பைத் தேய்த்துக் குறைக்காமல், முதுகுப் பக்கத்திலிருந்து சரிவாக இறக்கிப் புது நுனியை அமையுங்கள். அப்போதுதான் பழைய கூர் அப்படியே இருக்கும். இனி நெம்புவதற்கு அகன்ற திருப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள், கத்திநுனி அதற்கானதல்ல.

பல வருடமாகச் சாணை பிடித்து வருகிறேன். தாளைச் சீவுமளவுக்குக் கூர் இருக்கிறது, ஆனால் மரத்தில் முன்போல இறங்குவதில்லை. ஏன்? (செந்தூல்)

நீண்டகாலம் ஒரே கத்தியைப் புழங்குபவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது, கேட்டதற்கு நன்றி. அலகு முதுகில் தடித்து விளிம்பை நோக்கி மெலிந்து வருகிறது. ஒவ்வொரு சாணையிலும் சிறிது எஃகு போய், விளிம்பு முதுகை நோக்கி நகர்கிறது. அதாவது வருடங்கள் செல்லச்செல்ல நீங்கள் தடித்த இடத்தில் கூர் வைக்கிறீர்கள். நுனிவிளிம்பு கூராகவே இருந்தாலும் அதன் பின்னாலுள்ள தோள் பருத்துவிட்டதால் மரம் கத்தியைத் தடுக்கிறது. பருத்த தோளைக் குறைப்பதே வைத்தியம். பக்கத்துக்கு இருபது பாகையில் கூர் வைப்பவராக இருந்தால், சொரசொரப்பான கல்லில் பன்னிரண்டு பாகை அளவுக்குப் படுக்கவைத்துத் தோளைத் தேயுங்கள். எங்கே தேய்கிறது என்று தெரிய அந்த இடத்தில் மார்க்கர் மை பூசிக்கொள்ளுங்கள்; மை அழியும் இடமே கல் தொடும் இடம். தோள் மெலிந்த பின் 1000 எண் கல்லில் வழக்கமான சாய்வில் கூர் வைத்து, பிசிறைத் தோல்வாரில் நீக்குங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் முடிந்தபின் கத்தி மரத்தில் இறங்கும் விதமே மாறிவிடும்.

நேரம் மிச்சமாகும் என்று மின் கிரைண்டரில் கொடுத்துவிடாதீர்கள். கார்பன் எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறமும், ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் நீலமும் காட்டும். விளிம்பு நீலமாகிவிட்டால் கொல்லர் கொடுத்த தோய்ச்சலின் கடினம் அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள்; அந்தப் பகுதி முழுவதும் தேய்ந்து தீரும் வரை கூர் நிற்காது.

ரப்பர் பிடி பிசுபிசுவென்று ஒட்டுகிறது. (பாங்சார்)

கொசுமருந்து பூசிய கையால் பிடித்திருந்தால் அதுவே காரணமாகலாம். டீட் (DEET) என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் கலந்த மருந்து சிலவகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கும். சோப்பு நீரில் கழுவிப் பாருங்கள். ஒட்டுவது நிற்காவிட்டால் பிடியை மாற்ற வேண்டியதுதான்.

கத்தியைக் காரிலேயே வைத்திருக்கலாமா, ஐயா? (பத்து கேவ்ஸ்)

கூடாது. 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டப்படி, சட்டபூர்வமான நோக்கமின்றிப் பொது இடத்தில் இத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். முகாமுக்கோ மீன்பிடிக்கவோ செல்லும் நாளில் மட்டும், உறையிலிட்டு, கூடாரம், தூண்டில் போன்ற பொருள்களோடு சேர்த்துப் பின்பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். திரும்பியதும் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். மூடிய காரின் வெப்பமும் ஈரமும் கத்திக்கும் ஆகாது.