இருபது சொற்களை எட்டாகக் குறையுங்கள்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். திங்கட்கிழமைதோறும் இருபது சொற்களைத் தமிழ்ப் பொருளுடன் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். வெள்ளிக்கிழமைத் தேர்வில் பெரும்பாலோர் பதினெட்டு, பத்தொன்பது வாங்கிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே சொற்களைக் கேட்டால் விழிக்கிறார்கள். ஒரு வாக்கியத்தில்கூட அவற்றைப் பயன்படுத்துவதில்லை. எண்ணிக்கையைக் குறைத்தால் தலைமையாசிரியர் ஒப்புவாரா என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மாணவர்களிடமோ உழைப்பிலோ குறையில்லை. ஒரு சொல்லை அவர்கள் ஒரே வாரத்தில் சந்தித்து, அந்த வாரத்தோடு அதற்கு விடைகொடுத்து விடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து 1885-இல் வெளியிட்ட ஆய்வு, மறதி முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலுமே மிக வேகமாக நடக்கிறது என்பதையும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது மனத்தில் நிற்கிறது என்பதையும் காட்டியது. வியாழன் இரவு படித்து வெள்ளி காலை ஒப்பித்த இருபது சொற்களுக்கு நேர்வதும் அதுவே.

ஆகவே வாரத்துக்கு எட்டுச் சொற்கள் போதும். அவற்றையும் அகராதியிலிருந்து பொறுக்க வேண்டாம். அந்த வாரம் நடத்தும் பாடத்திலிருந்தே எடுங்கள். எவற்றை எடுப்பது என்று முடிவு செய்ய, ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியல் இன்றும் பயன்படும். அவர் டாக்காவில் பணியாற்றியபோது வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். அந்த அடிப்படைச் சொற்களிலேயே ஓட்டை இருக்கும் மாணவனுக்கு அரிய சொற்களைக் கொடுப்பது அவன் நேரத்தை வீணாக்குவதாகும்.

எட்டுச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். எதிர்ச்சொல் இணைகளையும், 'லெமன், ஆரஞ்ச், கிரேப்' போன்ற ஓரினச் சொற்களையும் ஒரே நாளில் புதிதாக அறிமுகப்படுத்தினால் அவை ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஓரினச் சொற்கள் இப்படிக் குழம்புவதை 1993-இல் டிங்கம் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டினார். நம் நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று இனம் இனமாகத்தானே தொகுத்தன என்று நீங்கள் கேட்கலாம். அவை தமிழைப் பேசி வளர்ந்தவர்கள் தம் மொழியைச் செழுமைப்படுத்திக்கொள்ள எழுந்தவை. முதன்முறையாக ஒரு மொழிக்குள் நுழையும் பிள்ளைக்கு அந்த முறை பொருந்தாது.

எட்டு என்பது குறைவாகத் தோன்றும். ஆனால் சொற்களைக் குடும்பமாகப் படிக்கும்போது அவை பெருகும். இதற்கான கருவியை உங்கள் மாணவர்கள் தமிழ் வகுப்பிலேயே பெற்றிருக்கிறார்கள். 'வந்தனன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, 'டிரான்ஸ்போர்ட்' என்பதைப் பிரிப்பது பெரிய வேலையன்று. 'போர்ட்' என்பது 'சுமந்து செல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேர். 'டிரான்ஸ்' சேர்ந்தால் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு, 'எக்ஸ்' சேர்ந்தால் வெளியே, 'இம்' சேர்ந்தால் உள்ளே. ஏற்றுமதியும் இறக்குமதியும் அங்கேயே விளங்கிவிடும். ரயில் நிலையத்துப் 'போர்ட்டர்' யார் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இந்தப் பாடம் நடத்திய மறுநாள், பள்ளிக்கு வந்த அரசுப் பேருந்தின் பக்கவாட்டில் இருந்த 'டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன்' என்ற எழுத்தை ஒரு சிறுவன் என்னிடம் பிரித்துச் சொல்லிக் காட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'பாஸ்போர்ட்'டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அதில் இருப்பது துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்'.

எழுத்துக்கூட்டலுக்கும் குடும்பமே துணை. 'ஸைன்' என்ற சொல்லில் ஒலிக்காத 'ஜி' எழுத்து ஏன் வருகிறது என்று கேட்கும் மாணவனை, 'சிக்னல்', 'சிக்னேச்சர்' இரண்டையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். மறைந்திருந்த ஒலி வெளியே வந்துவிடும். 'மெடிசின்' என்பதில் 'எஸ்' போடுபவனுக்கு 'மெடிக்கல்' என்ற சொல் திருத்தம் சொல்லும். இரண்டிலும் ஒரே 'சி' எழுத்துதான் வெவ்வேறாக ஒலிக்கிறது.

தமிழ்ப் பொருள் தருவதைத் தவறென்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருளைச் சட்டென்று விளக்கத் தாய்மொழியைப் போல வேறெதுவும் இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நிறுத்திக்கொள்வது ஆபத்தானது. நாம் அரிசி, சோறு என்று பிரிப்பதை ஆங்கிலம் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. சொல்லின் கூட்டாளிகளையும், அதாவது அதனோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களையும், சேர்த்தே கொடுக்க வேண்டும். 'ஸ்ட்ராங்' என்றால் 'பலத்த' என்று மட்டும் படித்த மாணவன், பலத்த மழையை 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதுகிறான். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. தேநீருக்கும் 'ஸ்ட்ராங்'தான் என்பதை டீக்கடை அவனுக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கிறது, அங்கிருந்தே தொடங்குங்கள்.

வாரத்தை இப்படி அமைக்கலாம்: திங்களன்று சொற்களைப் பாடத்து வாக்கியத்திலேயே காட்டிப் பொருளை ஊகிக்க விடுங்கள், செவ்வாயன்று வேரும் குடும்பமும், புதனன்று கூட்டாளிச் சொற்களும். வியாழனன்று ஒவ்வொருவரும் தம் வீட்டையோ தெருவையோ பற்றி, அந்த வாரச் சொற்களில் மூன்றை வைத்து மூன்று வாக்கியம் எழுதி, பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டட்டும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

மாற்ற வேண்டியவற்றில் முதன்மையானது வெள்ளிக்கிழமைத் தேர்வுதான். பத்து வினாக்களில் ஐந்து இந்த வாரச் சொற்கள், மூன்று போன வாரத்தவை, இரண்டு ஒரு மாதத்துக்கு முந்தியவை என்று வையுங்கள். பொருள் எழுதுவதற்குப் பாதி மதிப்பெண்ணும், சரியான கூட்டாளியோடு வாக்கியத்தில் அமைப்பதற்குப் பாதியும் கொடுங்கள். பழையவை எந்த நேரமும் திரும்பி வரும் என்று தெரிந்தால் மாணவர்கள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்குவார்கள்.

தலைமையாசிரியரிடம் வாதிடுவதைவிட விடைத்தாளைக் காட்டுவது எளிது. ஒரு மாதத்துக்கு முன் கொடுத்த இருபது சொற்களை இப்போது முன்னறிவிப்பின்றிக் கேட்டு, எத்தனை தங்கியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எட்டுச் சொற்களோடு ஆறு வாரம் நடத்தி, முதல் வாரச் சொற்களை அதேபோலக் கேளுங்கள். இரண்டு தாள்களையும் அவர் மேசையில் பக்கம் பக்கமாக வையுங்கள்.