நவம்பரில் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சின்ன ஊரொன்றில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. கூட வேலை செய்கிறவர்கள் நவம்பர் மான் வேட்டைக்கு உங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே கிழமை, எங்கோ ஒருவன் துவக்கால் ஆட்களைச் சுட்ட செய்தியையும் பார்த்துவிட்டீர்கள். "இவங்களை நம்பிக் காட்டுக்குப் போகலாமா அண்ணா?" என்று கேட்கிறீர்கள். நான் இப்போது விடுமுறையில் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் நிற்கிறேன். உங்கள் அம்மாவையும் கண்டேன். "என்ன மனே, அங்கயும் துவக்கா?" என்று என்னிடமும் கேட்டார். அதனால் இது அவருக்கும் சேர்த்து எழுதும் பதில்.

முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் துவக்கு என்றால் சுற்றிவளைப்பு, காவலரண், இரவில் கதவு தட்டும் சத்தம். வேட்டைக்காரர் பெயரும் ஊரில் அவ்வளவு நல்லதில்லை, அதற்குக் காரணம் கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் கம்பியை இழுத்துக் கட்டி, குழாயை முழங்கால் உயரத்துக்கு வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். கம்பியில் முட்டுவது பன்றியா, விறகுக்குப் போன மனிசியா என்று அதற்குத் தெரியாது. வெல்லாவெளிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் முழங்காலுக்குக் கீழே சன்னங்கள் ஏறின. இன்றைக்கும் வரம்பில் நடக்கும்போது அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசித்தான் வைக்கிறார். வைத்தவன் ஒருவன். ஆனால் அதற்குப் பிறகு, சோளச் சேனையில் இரவிரவாகப் பரணில் காவல் கிடந்து பன்றி விரட்டுகிறவனைக்கூட அந்த ஊர் சந்தேகமாகத்தான் பார்த்தது.

கனடாவிலும் இதே மாதிரித்தான் நடக்கிறது, அளவுதான் பெரிது. 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியல் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். அவன் கையில் இருந்தது கடையில் சட்டப்படி வாங்கிய துவக்கு, வேட்டைக்காரரும் வாங்குகிற வகை. அதற்குப் பிறகு வந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வேட்டைத் துவக்கையும் பதியச் சொன்னது. கிராமத்து ஆட்கள் "எங்களைக் கொலைகாரரோடு ஒரே பட்டியலில் போட்டுவிட்டார்கள்" என்று கொதித்தார்கள், 2012இல் அந்தப் பதிவு நீக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோசியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அவனிடம் துவக்கு உரிமமே இல்லை, கூடுதலான துவக்குகள் அமெரிக்காவிலிருந்து கள்ளமாக வந்தவை. இரண்டு கிழமைக்குள் 1,500 அளவான துவக்கு வகைகளைத் தடை செய்தார்கள். 2022 நவம்பரில் தடையை இன்னும் விரிக்கப் போனபோது, வேட்டையில் புழங்கும் துவக்குகளும் அதற்குள் வந்தன. வேட்டைக்காரரும் பூர்வகுடி மக்களும் எதிர்த்தார்கள், 2023 பெப்ரவரியில் அரசு அதை மீளப் பெற்றது.

இதில் என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்தத் துவக்கைக் கண்டாலும் நடுங்குவார். அவரிடம் போய் உரிமம், கள்ளக்கடத்தல் என்று விளக்கம் சொல்லக் கூடாது. வேட்டைக்காரரில் பலர் ஒரு கொலை நடந்ததும் முதல் வாயாலேயே "எங்கள் துவக்கில் கை வைக்காதே" என்கிறார்கள். அது அவர்களுக்கே கெட்ட பெயர் தேடித் தருகிறது. முதலில் செத்தவர்களுக்காக அழ வேண்டும், சட்டம் பற்றிய வழக்கைப் பிறகு பேசலாம்.

ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு ஒன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 2004 நவம்பர் 21 அன்று நடந்தது. லாவோஸிலிருந்து வந்த ஹ்மொங் இனத்தவர் ஒருவர் வேறொருவருடைய காணியில், மரத்தில் கட்டியிருந்த பரணில் ஏறி இருந்தார். காணிக்காரரின் ஆட்கள் வந்து இறங்கச் சொன்னார்கள். வாய்த்தர்க்கம் முற்றியது. அவர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள், இருவர் காயப்பட்டார்கள். தன்னை இனத்தைச் சொல்லி ஏசினார்கள், முதலில் அவர்கள்தான் சுட்டார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். ஜூரி அதை ஏற்கவில்லை, ஆயுள் தண்டனை கிடைத்தது. அது கொடிய குற்றம், அதில் இரண்டு பேச்சில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் அந்தப் பருவத்தில் மான் வேட்டைக்குப் போனவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். வெள்ளைக்கார வேட்டைக்காரன் ஒருவன் குற்றம் செய்தால் பழி அவனுக்கு, மிஞ்சினால் "துவக்கு வைத்திருக்கிறவர்களுக்கு". இங்கே பழி விழுந்தது ஹ்மொங் மக்கள் எல்லார் தலையிலும். லாவோஸ் போரில் அமெரிக்காவுக்காகச் சண்டை பிடித்து, நாட்டை இழந்து அகதியாக வந்த சனம் அது. வேட்டை அவர்களுக்கு மலையிலிருந்து கொண்டுவந்த பழக்கம். "வேட்டைக்காரனைக் காப்பாற்று, ஹ்மொங்கைச் சுடு" என்ற கருத்தில் வாகனத்தில் ஒட்டும் ஸ்டிக்கர்கூட வந்தது. 2007 ஜனவரியில் அதே மாநிலத்தில், அணில் வேட்டைக்குப் போன ஹ்மொங் ஒருவரை ஒரு வெள்ளைக்காரர் காட்டுக்குள் கொன்றார். கொன்றவருக்கு 69 வருடச் சிறை.

இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த எங்கள் ஆட்களை, தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. சரி, நாங்கள் மட்டும் திறமா? 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைகளுக்குப் போவதை எங்களில் எத்தனை பேர் நிறுத்தினார்கள்? நாலு தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் இருந்த வீடுகள் முகம் திருப்பிக்கொண்டன. அந்தக் குண்டை அந்தக் கடைக்காரரா கொண்டுவந்தார்? எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம் இது.

அதனால் உங்கள் வேலைத்தலத்து ஆட்களைச் செய்தியில் வந்தவனை வைத்து அளக்காதீர்கள். அங்கே ஒருவர் துவக்கு உரிமம் எடுக்கப் பயிற்சி வகுப்பில் சித்தியடைய வேண்டும், இரண்டு பேர் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும், மனைவிக்கோ பிரிந்துபோன துணைக்கோ அறிவிப்பார்கள். உரிமம் கிடைத்த பிறகும் பொலிஸ் பதிவுகளோடு பெயரை ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வேட்டைக்கு வேறு வகுப்பு, வேறு அட்டை. இவ்வளவும் கடந்தவர் எல்லாரும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. ஆளைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. கார் கராஜில் அவர் துவக்கை எடுக்கும்போது கவனியுங்கள். கையில் எடுத்ததும் குழாயை நிலத்துக்குத் திருப்பி, திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பார்க்கிறாரா? தோட்டாவை வேறாகப் பூட்டி வைக்கிறாரா? காட்டில் குடிக்க மாட்டேன் என்கிறாரா? இதில் ஒன்று பிழைத்தாலும் "வேலை இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிடுங்கள்.

போவதென்றால் முதல் முறை துவக்கில்லாமல் கூடப் போங்கள். ஒன்ராறியோவில் மான் பருவத்தில் துவக்கோடு வேட்டைக்குப் போகிறவர் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் போட்டே ஆக வேண்டும். நீங்கள் துவக்கு எடுக்காவிட்டாலும் அதைப் போடுங்கள், அந்த மாதத்தில் பக்கத்துக் காட்டில் சும்மா நடக்கப் போனாலும் போடுங்கள். யாருடைய காணி, யார் அனுமதி தந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விஸ்கொன்சினில் எல்லாம் தொடங்கியது ஒரு பரணில். யாராவது வந்து சத்தம் போட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். கையில் துவக்கு உள்ள இடத்தில் நியாயம் பிளக்கக் கூடாது. நிரந்தர வதிவிடம் கிடைக்காத நிலையில் ஒரு சின்ன வழக்கும் உங்களுக்குப் பெரிய வில்லங்கம்.

வேட்டையே பிடிக்கவில்லை என்றால் அதையும் நேரே சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அவர்கள் இறைச்சி தந்தால் வாங்கலாம். அங்கே வேட்டை இறைச்சியை விற்கத்தான் தடை, அன்பளிப்பாகக் கொடுக்கலாம். மிளகும் இஞ்சியும் கூடப் போட்டு, தீயைக் குறைத்து நெடுநேரம் வேகவிடுங்கள், மான் இறைச்சியில் கொழுப்பு குறைவு, அவசரப்பட்டால் நார் மாதிரி ஆகிவிடும். அம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். ஆரஞ்சுத் தொப்பி போட்டு ஒரு படம் அனுப்பச் சொன்னார், போனால் மறக்காமல் அனுப்புங்கள்.