மவுத்கார்ட் கழன்று விழுகிறதா? விளையாட்டும் பல் பாதுகாப்பும்: கேள்வி-பதில்

என் மகன் படிவம் 2 படிக்கிறான். பள்ளி ஹாக்கி அணியில் சேர்ந்திருக்கிறான். கடையில் விற்கும் மவுத்கார்ட் (பல்லைக் காக்க வாயில் போடும் காப்பு) போதுமா, பல் டாக்டரிடம்தான் செய்ய வேண்டுமா? (செந்தூல் வாசகி)

கடையில் இரண்டு வகை கிடைக்கும். உறையைப் பிரித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வது ஒன்று. அதை வாங்காதீர்கள். பல்லைக் கடித்தபடி இருந்தால்தான் அது நிற்கும். ஓடிக் களைத்த பையன் மூச்சு வாங்க வாயைத் திறப்பான், உடனே நழுவும். இரண்டு நாளில் பைக்குள் போய்விடும்.

இன்னொன்று, வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவம் எடுப்பது. ஒழுங்காக வடிவம் எடுத்தால் பள்ளி ஆட்டத்துக்கு இது போதும். பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது இவற்றையெல்லாம்விட மேல்தான். ஆனால் விலை பல மடங்கு கூடும். உங்கள் மகன் வயதில் தாடை இன்னும் வளர்கிறது, இரண்டாவது கடைவாய்ப்பற்களும் இப்போதுதான் முளைத்து முடிகின்றன. இன்று கச்சிதமாக இருப்பது ஒரு வருடத்துக்குள் இறுக்கிப் பிடிக்கலாம். அதனால் இப்போதைக்கு வெந்நீர் வகையே போதும். படிவம் 4, 5 வரை ஆட்டத்தில் நிலைத்தால் அச்செடுத்துச் செய்யுங்கள்.

அப்படிச் செய்யும்போது கனத்தைக் கேளுங்கள். முன்பற்களின் வெளிப்பக்கம் சுமார் 3 மி.மீ., கடிக்கும் பரப்பு 2 மி.மீ., அண்ணப்பக்கம் 1 மி.மீ. இருக்க வேண்டும். 4 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் செய்வதாகச் சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். ரொட்டி சானாய் மாவு இழுக்க இழுக்க மெலிவது மாதிரி, சூடான தகடும் அச்சின் மேல் படியும்போது மெலிந்துவிடும். செய்து முடித்த பிறகு முன்பக்கம் எத்தனை மி.மீ. நிற்கும் என்பதுதான் கேள்வி.

அனைத்துலக ஹாக்கி விதிகள் கள ஆட்டக்காரர்களுக்கு வாய்க் காப்பைப் பரிந்துரைக்கின்றன, கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். எகிறி வரும் ஒரு பந்து போதும், முன்பல் இரண்டும் போய்விடும். பயிற்சி நாளிலும் போடச் சொல்லுங்கள்.

வெந்நீரில் போட்டு நான்தான் வடிவம் எடுத்தேன். வாயைத் திறந்தாலே விழுகிறது. எங்கே தப்பு? (பட்டர்வொர்த் வாசகர்)

முதலில் அளவைப் பாருங்கள். சிறுவர் அளவு, பெரியவர் அளவு என்று தனித்தனியாக வரும். அளவு சரி என்றால் தப்பு இந்த மூன்றில் ஒன்று: தண்ணீர் ஆறிப்போயிருந்தது, பலம் கொண்ட மட்டும் கடித்துவிட்டீர்கள், விரலால் அழுத்தவில்லை.

பொதியில் அச்சிட்டிருக்கும் விநாடிக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைத்தான் பின்பற்ற வேண்டும். வேலை முறை ஏறக்குறைய ஒன்றே. முதலில் சூடாக்காமலே வாயில் வைத்துப் பாருங்கள். பின்முனை தொண்டையை உறுத்திக் குமட்டினால் இரு பக்கமும் கொஞ்சம் வெட்டுங்கள். ஆனால் முதல் கடைவாய்ப்பல் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, மவுத்கார்டைக் கரண்டியில் வைத்து உள்ளே இறக்குங்கள். பெரும்பாலும் 20, 30 விநாடி. எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு. இது வாய் வெந்து போகாமல் இருக்க மட்டும்தான். அதிக நேரம் விட்டால் இறுகிவிடும்.

கண்ணாடி முன் நின்று மேல்வரிசைப் பற்களில் நடுவாகப் பொருத்துங்கள். மெல்லக் கடியுங்கள். வலுவாகக் கடித்தால் கீழ்ப்பற்கள் பொருளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அடி தாங்க வேண்டிய இடம் காகிதமாகிவிடும். வாயை மூடி, உள்ளிருக்கும் காற்றையும் எச்சிலையும் உறிஞ்சுங்கள். அதே நேரத்தில் உதட்டின் மேலும் கன்னத்தின் மேலும் விரல்களால் ஈறை நோக்கி அழுத்துங்கள், நாக்கை அண்ணத்தில் தள்ளுங்கள். வாய்க்குள் நிற்கும் பிடி இந்த அழுத்தத்தில்தான் கிடைக்கிறது. ஒரு நிமிடம் கழித்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள்.

சோதனை எளிது. வாயை அகலத் திறந்தால் விழக் கூடாது. பத்து வரை எண்ணினால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிய வேண்டும். தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். தேறவில்லை என்றால், மறுபடி சூடாக்கலாம் என்று பொதியில் இருந்தால் மட்டும் இன்னொரு முறை முயலுங்கள்.

மகளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறது. சிலம்பம் பழகுகிறாள். எந்த மவுத்கார்ட் போடலாம்? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

வெந்நீர் வகை வேண்டவே வேண்டாம். இளகிய பொருள் கம்பியைச் சுற்றிப் படிந்து இறுகும். கழற்றும்போது பல்லில் ஒட்டிய பிடிப்பான்களும் பெயர்ந்து வரும். பற்கள் நகர நகரப் பொருத்தமும் போய்விடும். கம்பி போட்டவர்களுக்கென்றே உள்பள்ளம் ஆழமாக வைத்த சிலிக்கான் வகை விற்கிறது. அல்லது கம்பி போட்ட மருத்துவரிடமே கேளுங்கள். அச்சில் கம்பி இருக்கும் இடத்தை அடைத்து, பல் நகர இடம் விட்டுச் செய்து தர முடியும். கீழ்வரிசையிலும் கம்பி இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிலம்பக் கம்பால் அடிபட்டால் கீழ் உதடு கிழிவது அந்தக் கம்பியில்தான்.

தைக்குவாண்டோ போட்டிக்கு எந்த நிறமும் போடலாமா?

உலக தைக்குவாண்டோ விதிப்படி வெள்ளை அல்லது நிறமற்றது மட்டுமே. போடாமல் களத்தில் இறங்கவும் முடியாது.

மவுத்கார்ட் போட்டால் தலையில் அடிபடும்போது மூளை அதிராதா?

அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. பல், உதடு, தாடை ஆகியவற்றைக் காப்பதே அதன் வேலை. தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ வாந்தியோ குழப்பமோ இருந்தால், வாயில் எது இருந்தாலும் ஆட்டத்தை விட்டு வெளியே வந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஃபுட்சால் ஆட்டத்தில் ஒருவருக்குப் பல் முழுசாக விழுந்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்? (பிறை வாசகர்)

நினைவு தப்பியிருந்தால் முதலில் 999. நினைவோடு இருந்தால் பல்லைத் தேடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேற்பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வேரைத் தொடக் கூடாது, துடைக்கவோ சுரண்டவோ கூடாது. பல்லைத் தாடையோடு மறுபடி ஒட்ட வைக்கும் உயிரணுக்கள் வேரின் மேல்தான் இருக்கின்றன. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, பால் இல்லையென்றால் குழாய் நீரிலோ சில விநாடி அலசிவிட்டு, பழைய குழியிலேயே திரும்பப் பொருத்துங்கள். கைக்குட்டையை மடித்து அதன் மேல் மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கும், ரத்தம் வரும், பயப்படாமல் செய்யுங்கள். பினாங்குப் பாலத்து நெரிசலைத் தாண்டி எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாத ஊரில், திடலிலேயே செய்யும் இந்த ஒரு காரியம்தான் பல்லைக் காப்பாற்றும்.

முடியவில்லை என்றால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். மாமாக் கடையில் கேட்டால் இனிப்பு டின் பால் கிடைக்கலாம், அது உதவாது. பெட்டியில் விற்கும் சாதாரண பால், குளிர்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சாக்லேட் பால் வேண்டாம். தண்ணீரில் ஊறப் போட்டால் உயிரணுக்கள் வெடித்துச் சாகும். காய்ந்தாலோ ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அழிந்துவிடும். மருத்துவர் பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சுமார் 2 வாரம் கட்டி வைப்பார்.

பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தாதீர்கள். கீழே வளரும் நிலையான பல் கெட்டுவிடும்.

அப்பா மூத்தோர் அணியில் காற்பந்து ஆடுகிறார். கழற்றி மாட்டும் பொய்ப்பல் இருக்கிறது. ஆடும்போது என்ன செய்வது?

ஆட்டத்துக்கு முன் கழற்றிவிட வேண்டும். உடைந்தால் துண்டு தொண்டைக்குள் போகலாம். பொய்ப்பல் இல்லாத நிலையில் அச்செடுத்து மவுத்கார்ட் செய்வதே அவருக்குச் சரி. இரவில் பல் கடிப்பதற்காகக் கொடுத்த தகட்டைத் திடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. அது அடி தாங்கச் செய்ததல்ல.

எப்படிக் கழுவுவது, எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? (கெப்போங் வாசகர்)

ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷும் கை கழுவும் சோப்பும் போட்டுத் தேயுங்கள். வெந்நீர் ஆகாது. ஈரத்தோடு மூடி வைத்தால் நம் புழுக்கத்தில் நாற்றமும் பூஞ்சையும் வரும். காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் ஒரே மதியத்தில் வடிவம் கோணிவிடும். ஓரம் கிழிந்தாலும், கடிக்கும் பரப்பில் பல் தடம் ஆழமாகத் தேய்ந்தாலும், தளர்ந்தாலும் மாற்றுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தப் பத்து வரை எண்ணும் சோதனையைச் செய்து பாருங்கள்.